நிக்காஹ் புத்தகத்தில் அவளுடைய ஒப்பம் எங்கே?

சில வருடங்களுக்கு முன்னர் என் ராத்தாவின் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. வீட்டின் முன் மண்டபத்தில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் உள்ளறையில் மணப்பெண்ணைச் சூழ்ந்து உட்கார்ந்திருந்தோம். குத்பா முடிந்து, ஈஜாப் கபூல் முடிந்து, துஆவும் ஓதியாயிற்று. கதவின் திரைச்சீலை இடுக்கால் பார்த்தால், விவாகப் பதிவுகாரர் பெரிய புத்தகத்தை விரித்து வைத்து, மாப்பிள்ளையிடமும் என் மச்சானிடமும் ஒப்பம் வாங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. சாட்சிகளும் ஒப்பமிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"சாச்சி, நான் எங்க ஒப்பம் வெக்கிற?"

அவள் ஓர் ஆசிரியை. மாதா மாதம் சம்பளப் பட்டியலில் ஒப்பமிடுகிறவள். வங்கியில் கணக்குத் திறக்கும்போதும், தேர்தல் கடமைக்குப் போகும்போதும், பிள்ளைகளின் புள்ளி அறிக்கையிலும் அவளுடைய ஒப்பம் செல்லும். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு மூத்த மாமி, "பொம்புளப் புள்ள ஒப்பம் வெக்கிறல்ல மகள், மார்க்கம் அப்புடித்தான்" என்றார். நான் விடாமல் ஒரு சின்னப் பையனை அனுப்பிப் பதிவுகாரரிடம் கேட்டுவரச் செய்தேன். நல்ல மனிதர்; கோபிக்கவில்லை. "வொலியும் மாப்புளயும் வெச்சாப் போதும். சட்டம் அப்புடித்தான்" என்று சொல்லி அனுப்பினார்.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். ஒருவர் மார்க்கம் என்றார், மற்றவர் சட்டம் என்றார். நம்மில் அநேகருக்கு இவ்விரண்டும் ஒன்றுதான். அன்றிரவு சாப்பாட்டுச் சகன்களைக் கழுவிக் கவிழ்த்த பின்னரும் எனக்கு இது மனதிலேயே கிடந்தது. சட்டம் அப்படி என்றால், அதை அப்படி ஆக்கியவர் யார்? எங்கே உட்கார்ந்து ஆக்கினார்? அந்த இடத்தில் நம்மைப் போன்ற ஒருத்தி இருந்தாளா?

பிறகு ஒரு நாள் கொழும்புக்குப் போன வேளை அரசாங்க வெளியீட்டுப் பணியகத்தில் அச்சட்டத்தின் பிரதி ஒன்றை வாங்கினேன். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். நமது வீடுகளில் நடக்கும் ஒவ்வொரு கலியாணமும், ஒவ்வொரு தலாக்கும், பஸஹும், பிள்ளைத் தாபரிப்பும் இந்தச் சிறு புத்தகத்துக்குள்தான் அடங்குகின்றன. அதைக் கையில் எடுத்துப் பார்த்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நானும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

ஒல்லாந்தர் கொண்டுவந்த கடதாசி

இந்தச் சட்டத்தின் பூர்வீகத்தைத் தேடினால் நாம் மக்காவுக்கோ மதீனாவுக்கோ போய்ச் சேர்வதில்லை. பத்தாவியாவுக்குப் போய்ச் சேர்கிறோம். இன்று ஜகார்த்தா என்று சொல்கிறோமே, அந்த ஊர்தான். கிழக்கிந்தியத் தீவுகளை ஆண்ட ஒல்லாந்தர், தங்கள் ஆளுகைக்குட்பட்ட முஸ்லிம்களின் வாரிசுரிமை, விவாகம் ஆகியவை பற்றிய விதிகளைத் தொகுத்து வைத்திருந்தார்கள். அத்தொகுப்பு பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் வந்தது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். தோமஸ் மெயிற்லண்ட் தேசாதிபதியாக இருந்த காலத்தில், 1806 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இந்த விதிகள் சட்டக் கோவையாகப் பிரகடனம் செய்யப்பட்டன. நூறுக்குச் சற்று அதிகமான பிரிவுகள். முதலில் கொழும்பு மாகாணத்துக்கு மட்டும் இருந்த கோவை, 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் விரிந்தது.

அந்த 1806 கோவையில் ஒரு விடயம் என்னை நிறுத்தி வைத்தது. இவ்விதிகள் தங்கள் வழக்கத்துக்குப் பொருந்துகின்றன என்று சோனகத் தலைவர்கள் ஏற்றுக்கொண்டதாக அதிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. கேட்க வேண்டியவர்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்துக்கொண்டார்கள். கேட்கப்பட்டவர்கள் தலைவர்கள், வர்த்தகர்கள், எல்லோரும் ஆண்கள். அந்தக் காலத்தில் அது ஆச்சரியமான விடயமல்ல. ஆனால் 'கேட்டுச் செய்தோம்' என்ற அந்தப் பழக்கத்தின் உருவம் அன்று விழுந்த அச்சிலேயே நெடுங்காலம் இருந்துவிட்டது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

1886 இல் முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1929 இல் வந்த 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காதிமார்களை ஏற்படுத்தியது. 1937 இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த 1929 என்ற ஆண்டைச் சற்றுக் கவனியுங்கள். அப்போது நாட்டுக்குச் சட்டம் இயற்றியது சட்டநிரூபண சபை. அதற்கு வாக்களிக்கும் உரிமை சொத்தும் வருமானமும் கல்வியும் உள்ள ஆண்களுக்கே இருந்தது. இந்நாட்டுப் பெண்களுக்கு, எந்த இனமாக இருந்தாலும், வாக்குரிமை கிடைத்தது 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்தான். ஆகவே நமது பெண்கள் தலாக்குக்காகவும் தாபரிப்புக்காகவும் யார் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தீர்மானித்த சபைக்கு ஒரு பெண் கூட வாக்களித்திருக்கவில்லை.

1951 இல் நிலைமை மாறியிருந்தது. நாடு சுதந்திரம் பெற்று விட்டது. பெண்களுக்கு வாக்கு இருந்தது. பிரதிநிதிகள் சபை, செனற் சபை என இரண்டு சபைகள் இருந்தன. பிரதிநிதிகள் சபையில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள் இருந்தார்கள். அவர்களுள் முஸ்லிம் பெண் எவரும் இல்லை. நமது சமூகத்தில் அப்படிப்பட்ட பெண்ணே இருக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கேரளத்திலிருந்து மருமகளாக வந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப் அம்மையார் அந்தக் காலகட்டத்திலேயே கொழும்பு மாநகர சபையில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். பிரதி மேயராகவும் வந்தார். ஆனால் விவாகச் சட்டம் ஆக்கப்பட்டது மாநகர சபையில் அல்லவே.

1951 இல் நிறைவேறிய சட்டம் 1954 ஆகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் உள்ளதும் மார்க்கத்தில் உள்ளதும்

நான் வாங்கிவந்த பிரதியைப் பென்சிலும் கையுமாக வாசித்தேன். அதில் ஒரு சொல் என் கண்ணில் பட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. கைக்கூலி! ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்துக்குள் நமது தமிழ்ச் சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மணமகளின் உபயோகத்துக்கென விவாகத்துக்கு முன்னரோ விவாக வேளையிலோ மணமகனிடம் கொடுக்கப்பட்ட, அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணம் அல்லது அசையும் பொருள் என்று அதற்குப் பொருள் கூறப்பட்டிருக்கிறது. (இந்தியாவிலிருந்து வரும் பத்திரிகைகளில் கைக்கூலி என்றால் காசுக்கு விலைபோனவன் என்று பொருள். அதுவும் அவ்வளவு தூரமில்லை.) மஹர் நமது மார்க்கத்தில் உள்ளது, ஆண் பெண்ணுக்குக் கொடுப்பது. கைக்கூலி பெண் வீட்டார் ஆணுக்குக் கொடுப்பது. குர்ஆனிலோ ஹதீஸிலோ அது கிடையாது. ஊர் வழக்கத்திலிருந்து வந்து சட்டத்துக்குள் இடம்பிடித்தது. கொடுத்ததைத் திரும்பப் பெறவேனும் பெண்ணுக்கு ஒரு வழி இருக்கட்டும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். அந்த எண்ணம் நல்லதே. ஆனால், சட்டப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஷரீஅத் என்று சொல்கிறவர்கள் இந்தச் சொல்லுக்கு முன்னால் வந்து சற்று நிற்க வேண்டும்.

இன்னொன்று வயது. 1951 இல் எழுதப்பட்டபடி, 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தைப் பதிவதென்றால் காதியின் அனுமதி வேண்டும். 12 என்ற இந்த எண்ணை வேதத்தில் தேடினால் கிடைக்காது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையைப் புரட்டினால், வெள்ளைக்காரர் சிறுமியரைப் பாதுகாக்கப் போட்ட எல்லைக் கோடும் 12 ஆகத்தான் இருந்தது தெரியவரும். 1995 இல் அந்தக் கோவை திருத்தப்பட்டு அவ்வெல்லை 16 ஆக உயர்ந்தது. அதே 1995 இல் பொது விவாகச் சட்டத்தின் கீழும் கண்டிய விவாகச் சட்டத்தின் கீழும் மணமுடிப்பவர்களுக்கு 18 வயது கட்டாயமாயிற்று. முஸ்லிம் பிள்ளைகள் அந்தத் திருத்தத்துக்கு வெளியில் விடப்பட்டார்கள். தண்டனைக் கோவையின் 16 வயது எல்லையிலும், மணமுடித்த, 12 வயதுக்கு மேற்பட்ட மனைவிக்கு ஒரு விதிவிலக்கு வைக்கப்பட்டது. அதையும் யாரோ எழுதினார்கள், யாரோ கையுயர்த்தினார்கள்.

இனி ஒப்பத்தின் கதை. பெண்ணின் சம்மதம் வேண்டாம் என்று நமது மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரழி) என்ற பெண்ணை அவரது தந்தை அவருக்கு விருப்பமில்லாத ஒருவருக்கு மணமுடித்து வைத்தபோது, அவர் நேராக நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார். அந்த விவாகத்தை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. ஷாபிஈ மத்ஹபில் வொலி அவசியம் என்பதும், ஹனபி மத்ஹபில் வயதுவந்த பெண் தன் விவாகத்தைத் தானே பேசலாம் என்பதும் ஓதிய பிள்ளைகளுக்குத் தெரியும். வொலி இருப்பது ஒன்று. பெண் ஒப்பமிடாதிருப்பது வேறொன்று. வொலி இருந்துகொண்டே பெண்ணும் ஒப்பமிட எந்த மத்ஹபும் தடை போடவில்லை. படிவம் தயாரித்தவர்கள் மாப்பிள்ளைக்கு ஓர் இடம் விட்டார்கள், வொலிக்கு ஓர் இடம் விட்டார்கள், நிக்காஹ் நடத்தியவருக்கு ஓர் இடம் விட்டார்கள். நாலாவது கோடு ஒன்றைப் போட அவர்களுக்குத் தோன்றவில்லை. என் மருமகளுக்கு அந்த மாமி சொன்ன மார்க்கம் உண்மையில் ஓர் அச்சுப் படிவம்தான்.

வராந்தாவில் ஒரு நீதிமன்றம்

இதெல்லாம் வெறும் கடதாசி விடயம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் மூன்று வருடம் செலவுக்குக் காசு தரவில்லை, அடியும் உண்டு. அவள் பஸஹ் கேட்டுப் போனாள். அந்தக் காதி தன் வீட்டு வராந்தாவில் வைத்துத்தான் விசாரிப்பார். வாசலில் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று, கணவர் எங்கே, எப்படி அடித்தார் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. அவள் பக்கத்திலிருந்து பேச ஒரு சட்டத்தரணியைக் கூட்டிப்போக முடியாது. காதி முன் சட்டத்தரணிகள் தோற்றுவதற்கு 1951 சட்டம் இடம் வைக்கவில்லை. சாட்சி கொண்டுவா என்றார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் வாங்கிய அடிக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? பஸஹ் விசாரணைக்கு மூன்று முஸ்லிம் மத்தியஸ்தர்கள் காதியோடு அமர வேண்டும். அவள் முன் அமர்ந்த மூவரும் ஆண்கள். நாலு தடவை தவணை போட்டார்கள். கணவரோ தலாக் சொல்ல நினைத்திருந்தால், காரணம் காட்டத் தேவையில்லை. அறிவித்தல் கொடுத்து, சமரச முயற்சி பலிக்காமல், 30 நாள் போனால் காதி முன்னும் சாட்சிகள் முன்னும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

எல்லாக் காதிமாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. இரவு பகல் பாராமல் குடும்பங்களைச் சேர்த்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அரசு கொடுக்கும் கொடுப்பனவும் அலுவலக வசதியும் போதாது என்பதும் உண்மையே. ஆனால் காதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. காதி நல்லொழுக்கமும் தகுதியும் உள்ள முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்றுதான் 1951 இல் எழுதினார்கள். சட்டம் படித்திருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை. ஆணாக இருக்க வேண்டும் என்பதை மறக்காமல் எழுதினார்கள். பதிவுகாரர், காதிகள் சபை, ஆலோசனைச் சபை எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். இந்தோனேசியாவின் மார்க்க நீதிமன்றங்களில் பல தசாப்தங்களாகப் பெண் நீதிபதிகள் இருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாடு அது, நம்மைப் போலவே. மலேசியாவில் 2010 இல் இரண்டு பெண்கள் ஷரீஆ நீதிபதிகளாக நியமிக்கப்பட்டார்கள். மொரோக்கோவில் குடும்பச் சட்டத்தை மீள எழுத மன்னர் அமைத்த குழுவில் உலமாக்களோடு பெண்களும் அமர்ந்தார்கள். அந்தச் சட்டம் 2004 இல் நிறைவேறியது, மணமக்கள் இருவருக்கும் 18 வயது வைத்தது.

ஒரு சட்டமூலம் போகும் பாதை

பாராளுமன்றத்தில் கையுயர்த்தினால் சட்டம் ஆகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். கையுயர்த்துவது அநேகமாகக் கடைசி வேலை. முதலில் அமைச்சர் ஒருவர் அமைச்சரவைக்கு ஒரு பத்திரம் சமர்ப்பிக்கிறார். அமைச்சரவை ஒப்புக்கொண்டால் அது சட்டவரைஞர் திணைக்களத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் அதிகாரிகள்தான் உண்மையில் பேனா பிடித்து வசனங்களை எழுதுகிறார்கள். 'ஆண்' என்ற சொல் இருக்க வேண்டுமா, 'ஆள்' என்று மாற வேண்டுமா, 'வேண்டும்' என்றா 'லாம்' என்றா முடிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த மேசையில் முடிவாகும். பின்னர் அரசியலமைப்போடு ஒத்துப்போகிறதா என்று சட்டமா அதிபர் பார்க்கிறார். மூன்று மொழிகளிலும் வர்த்தமானியில் அச்சாகிறது. மொழிகளுக்கிடையில் முரண்பாடு வந்தால், வழக்கமாகச் சிங்கள மூலமே மேலோங்கும். ஆகவே தமிழ்ப் பிரதியை வாசித்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்துவிடக் கூடாது.

வர்த்தமானியில் வந்த பின்னரே அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்துக்குப் போகும். அங்கே முதலாம் வாசிப்பு. இந்தக் கட்டத்தில், அரசியலமைப்பு குறிக்கும் சில நாட்களுக்குள், எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு மாறானது என்று வழக்குத் தொடரலாம். இந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் கதவு மூடிவிடும். சபாநாயகர் சான்றுரைத்து ஒப்பமிட்ட பின்னர் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த முடியாது. (ஜனாதிபதி ஒப்பமிட்டால்தான் சட்டம் என்று நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். சாதாரண சட்டமூலத்துக்குச் சபாநாயகரின் ஒப்பமே போதும்.) இரண்டாம் வாசிப்பில் விவாதம், பின் குழுநிலையில் ஒவ்வொரு வாசகமாகப் பார்த்தல், மூன்றாம் வாசிப்பு, அதன் பின் சபாநாயகரின் ஒப்பம். 225 உறுப்பினர்கள், 196 பேர் வாக்கில் வருபவர்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வருபவர்கள்.

அப்படியானால் பழைய சட்டத்தை, அது சமத்துவ உரிமைக்கு மாறானது என்று சொல்லி நீதிமன்றத்தில் கவிழ்க்கலாமா? 1978 அரசியலமைப்பின் 16 ஆவது உறுப்புரை இதற்குப் பதில் சொல்கிறது. அரசியலமைப்பு வந்தபோது ஏற்கெனவே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும், செல்லுபடியாகும். 1951 சட்டம் இந்தக் குடையின் கீழ்தான் நின்றது. ஆகவே மாற்றம் வேண்டுமென்றால் அது பாராளுமன்ற வழியாகத்தான் வர வேண்டும்.

நீதிபதிகளும் சட்டத்தை ஆக்குகிறார்கள் என்பதற்கு நமது விவாகச் சட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. ஏற்கெனவே பொதுச் சட்டத்தின் கீழ் ஒருத்தியை மணமுடித்தவர், இஸ்லாத்துக்கு மாறி இன்னொருத்தியை முஸ்லிம் சட்டத்தின் கீழ் மணக்கலாமா? 1960 களில் லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில், அது குற்றமல்ல என்றது. 1997 இல் நமது உயர் நீதிமன்றம், அது இருதார மணக் குற்றமே என்றது. சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. தீர்ப்பு மாறியது, சட்டம் மாறியது. மனைவியை விட்டுவிட்டுக் கலிமாவைக் கடவுச்சீட்டுப் போல் பாவித்தவர்களால் நமது மார்க்கத்துக்கு ஏற்பட்ட கெட்ட பெயரை நினைத்தால், இரண்டாவது தீர்ப்பு எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது.

குழுக்களின் கதை

1951 சட்டம் 1954, 1955, 1965, 1969, 1975 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் அதன் முதல் பக்கத்தையே வாசித்திருக்கவில்லை. 1975 க்குப் பின்னர்தான் கை வைப்பது கஷ்டமாகிவிட்டது. குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் எழுதப்பட்டன, அலுமாரிகளில் வைக்கப்பட்டன. 1980 களின் நடுவில் கொழும்பில் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி, ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் கதைகளைக் கேட்டு எழுதத் தொடங்கியது. அதுவரை சட்டம் பற்றிப் பேசியவர்கள் கிதாபுகளை விரித்தார்கள். இவர்கள் கதவுகளைத் தட்டினார்கள்.

2009 இல் நீதியமைச்சு, உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூபின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. உலமாக்கள், சட்டத்தரணிகள், கல்விமான்கள் அதில் இருந்தார்கள். பெண்களும் இருந்தார்கள், ஜெஸீமா இஸ்மாயில் அவர்களுள் ஒருவர். 1806 இல் கேட்கப்பட்ட சபையோடு ஒப்பிட்டால் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மேசையில் போடப்பட்ட கதிரைகள் இவை. பொதுமக்களின் அபிப்பிராயங்களையும் குழு கேட்டது. ஆனால் அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 ஜனவரியில். ஒன்பது வருடங்கள்! குழு அமைந்த அன்று பிறந்த பெண் பிள்ளை அதற்குள் நாலாம் வகுப்புக்கு வந்திருப்பாள். அறிக்கையும் ஒரே குரலில் வரவில்லை. வயது, பெண் காதி போன்ற விடயங்களில் குழு இரண்டாகப் பிரிந்து, இரு தொகுதிச் சிபாரிசுகளைக் கொடுத்தது.

அதன் பின் நடந்தவை உங்களுக்கு ஞாபகமிருக்கும். 2019 ஏப்ரலின் அந்தக் கொடூரத்தின் பின்னர் நமது சமூகத்தின் மீது எல்லாப் பக்கமிருந்தும் விரல் நீண்ட வேளையில், அதே வருடம் முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கூடிச் சில திருத்தங்களுக்கு இணங்கினார்கள். 2020 இல் இச்சட்டத்தையே அடியோடு நீக்கக் கோரும் தனிநபர் சட்டமூலமும் வந்தது. 2021 இல் பலதார மணமும் காதி முறையும் நீங்கும் அளவுக்கு அமைச்சரவையில் பேச்சுப் போனது. திருத்தம் கேட்ட பெண்களின் நிலைமை இங்கே மிகச் சங்கடமானது. அவர்கள் கேட்டது நல்ல காதியும், ஒரு வயதெல்லையும், ஒப்பமிட ஒரு கோடும். சிலர் அவர்களை வெளியார் ஏவியவர்கள் என்றார்கள். வேறு சிலர் அவர்களின் கண்ணீரைக் காட்டி, நமக்கென ஒரு சட்டமே வேண்டாம் என்றார்கள். உள்ளே பேச இடம் கொடுத்திருந்தால் வெளியே இந்தக் கூத்து நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ஒன்பது வருடத் தாமதத்தின் பலனை நாமே அனுபவித்தோம்.

எங்கள் தெருச் சகோதரி, குழு அபிப்பிராயம் கேட்கிறது என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதியவள். அப்போது அவளுடைய பஸஹ் வழக்கு முடிந்திருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தாள். கொப்பித் தாளில் இரண்டு பக்கம். சட்டப் பிரிவு எதுவும் அதில் இல்லை. வராந்தாவில் நின்ற ஆண்களைப் பற்றி எழுதியிருந்தாள். விசாரிக்கும் இடத்தில் ஒரு பொம்பிளையாவது இருந்தால் அடித்த இடத்தைக் காட்டியிருப்பேன் என்று எழுதியிருந்தாள். நான் பிழைகளைத் திருத்தினேன். அந்த வசனத்தை மட்டும் தொடவில்லை. கீழே பெயரை எழுதி, அதற்கு மேல் அவள் ஒப்பமிட்டபோது பேனா இரண்டு தடவை நின்றது. தபாலில் பதிவு செய்து அனுப்பினோம். பற்றுச்சீட்டை இன்னும் தன் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாள். என்னைக் காணும்போதெல்லாம், "டீச்சர், அத ஆராவது வாசிச்சிருப்பாங்களா?" என்று கேட்பாள்.